சாரத் துளையை முழுதாக அடைக்காதீர்கள்

மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாள். நாசிக்கைச் சேர்ந்த முகமது திலாவரின் முயற்சியால் 2010-இல் தொடங்கியது. அன்று பிள்ளைகளுக்கு மரப்பெட்டிக் கூடு கொடுக்கும் வழக்கம் தமிழகத்துப் பள்ளிகளிலும் பரவியிருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் மற்ற நாட்களில் நாம் கட்டும் கட்டடங்களில் குருவி நுழையும் இடுக்கையெல்லாம் தேடித் தேடிப் பூசிவிடுகிறோம். தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பணத்தில் எழும் வீடு, பள்ளி, ரேஷன் கடை எதுவானாலும் அதன் வெளிச்சுவரில் குருவிக்கென்று பொந்து விட வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

சிட்டுக்குருவிக்கு ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்பது உண்மையல்ல. மனிதரை அண்டி வாழும் சிட்டுக்குருவியையும், மத்திய ஆசியாவில் மனிதரை அண்டாமல் வாழும் அதன் உறவினத்தையும் ஒப்பிட்ட மரபணு ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. மாவுச்சத்தைச் செரிப்பதற்கும் மண்டையோட்டின் அமைப்புக்கும் தொடர்புள்ள மரபணுக்களில் இரண்டும் வேறுபடுகின்றன. உழவோடு சேர்ந்தே உடலை மாற்றிக்கொண்ட பறவை இது. மெக்சிகோ நகரத்துக் குருவிகள் வீசியெறிந்த சிகரெட் பஞ்சைக் கூட்டில் வைக்கின்றன; அந்தக் கூடுகளில் உண்ணிகள் குறைவாக இருந்ததை 2013-இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதே பஞ்சு குஞ்சுகளின் இரத்த அணுக்களுக்குக் கேடு செய்வதும் பின்னர் தெரியவந்தது. பறவைகள் நகரத்தில் பிழைப்பதற்குக் கொடுக்கும் விலை சிறியதல்ல.

நம் கடைவீதிகளிலேயே பார்க்கலாம். ஷட்டர் சுருளும் பெட்டிக்குள், மின்மீட்டரின் பின்னால், விளம்பரப் பலகையின் குழாய்க்குள் வைக்கோலைத் திணித்துச் சிட்டுக்குருவி குடும்பம் நடத்தும். நிறுத்தி வைத்த பைக்கின் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு, கழுத்தில் கறுப்புத் திட்டுள்ள ஆண்குருவி ஓயாமல் கொத்தும். தன் இடத்துக்குள் இன்னொருவன் புகுந்துவிட்டான் என்ற சீற்றம் அது. தேன்சிட்டு வராந்தாவில் தொங்கும் ஒயரில் சிலந்தி நூலால் கூட்டைக் கட்டித் தொங்கவிடும். தையல்சிட்டு தொட்டிச் செடியின் இலையை மடித்துத் தைக்கும். நாட்டு உழவாரன் பாலத்தடியில் கூட்டமாகக் குடியேறும்.

பிறகு நகரங்களில் சிட்டுக்குருவி ஏன் குறைகிறது? ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 2020-இல் சொன்னது இது: கடந்த 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவி நாடளவில் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, சென்னை, பெங்களூரு உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் சரிந்திருக்கிறது. பெங்களூருக்கும் சேலத்துக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் வளரும் தருமபுரி, இப்போதே விழித்துக்கொள்ள வேண்டிய இடத்தில் இருக்கிறது. செல்போன் கோபுரம்தான் குருவியைக் கொன்றது என்ற நம்பிக்கை 2018-இல் வந்த ‘2.0’ படத்துக்குப் பின் இன்னும் வலுத்தது. அதற்கு உறுதியான சான்று இல்லை என்று அதே அறிக்கை கூறுகிறது. கோபுரத்தின் மேல் பழி போட்டுவிட்டு நம் சுவரைப் பார்க்க மறந்துவிட்டோம்.

தருமபுரி கேழ்வரகும் சாமையும் விளையும் மண். அறுத்த கதிரைத் தார்ச்சாலையில் பரப்பி வண்டிச் சக்கரங்களில் மிதிபட விடுவது இன்றும் இங்கே கண்கூடு. 2023 மே முதல் நீலகிரியோடு சேர்த்து இம்மாவட்ட ரேஷன் கடைகளிலும் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் வந்தது. தானியத்துக்குப் பஞ்சமில்லை, பொந்துக்குத்தான் பஞ்சம். நாட்டு ஓட்டு வீட்டின் இறவாணமும், மண்சுவர் விரிசலும், கிணற்றுச் சுவரின் கல்லிடுக்கும் கொடுத்த இடத்தைக் கான்கிரீட் கொடுப்பதில்லை. ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்பது தமிழக அரசின் இலக்கு. குடிசையில் நனைந்தவர்களுக்கு உறுதியான கூரை கிடைப்பதை மனமார ஆதரிக்கிறோம். ஓட்டு வீட்டுக்குத் திரும்பச் சொல்லவில்லை.

கொத்தனார்களுக்கு வழி தெரியும். சாரம் கட்டும்போது கழியைச் செருகச் சுவரில் துளை விடுகிறார்கள். வேலை முடிந்ததும் அடைத்துப் பூசுகிறார்கள். பூசாமல் நிற்கும் வீடுகளில் அந்தத் துளைகளில்தான் மைனாவும் குருவியும் குடியிருக்கின்றன. உள்பக்கத்தை அரைச் செங்கல்லால் அடைத்து, வெளிப்பக்கம் 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வாய் விட்டால் போதும். பெரிதாக விட்டால் மைனா பிடித்துக்கொள்ளும். மேற்கு வெயில் படாத சுவரில், வாசலுக்கு நேர் மேலே இல்லாமல், கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும். குருவி கூட்டமாக வாழ்வது. இரண்டு மூன்று துளைகள் அருகருகே வேண்டும். வெளிச்சுவரில் கூடு இருந்தால் அறைக்குள் நுழைந்து மின்விசிறியில் அடிபட்டுச் சாவதும் குறையும்.

செலவாகும் என்று யாரும் சொல்ல முடியாது. நடைமுறைக்கு வராது என்றும் சொல்ல வேண்டாம். 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழகம் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகர நிர்வாகம் 5 மீட்டருக்கு மேல் உயரும் புதிய கட்டடங்களில் உழவாரன்களுக்கான பொந்துச் செங்கல் பதிக்க வேண்டும் என்று 2020-இல் விதித்தது. அதைப் போல ஒரு வரியை நம் வரைபட அனுமதியிலும் சேர்க்க முடியும்.

பொந்து மட்டும் கொடுத்தால் குஞ்சு பிழைத்துவிடாது. தாய்க்குருவி தானியம் தின்னலாம். கண் திறக்காத குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்ட வேண்டும். தெருவை ஓரம் வரை பேவர் பிளாக் போட்டு மூடி, எஞ்சிய பச்சைக்குக் களைக்கொல்லி தெளித்தால் புழு எங்கிருந்து வரும்? மண் குளியலுக்கும் இடமில்லை. பள்ளி வளாகத்திலும் அலுவலக வளாகத்திலும் ஒரு மூலையையாவது மண்ணாக, நாட்டுச் செடிகளோடு விட்டுவைக்க வேண்டும்.

2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்கின் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. குஞ்சுகள் பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரே தெருவிளக்கில்லாமல் இருந்தது. அவ்வளவு பெரிய தியாகத்தை நாம் கேட்கவில்லை. தருமபுரி மாவட்ட ஆட்சியர் கனவு இல்லப் பயனாளிகளுக்கும் ஊரக வளர்ச்சித் துறைப் பொறியாளர்களுக்கும் அடுத்த மார்ச் 20-க்கு முன், சுவரில் குருவிக்குப் பொந்து விடும்படி அறிவுறுத்தல் அனுப்ப வேண்டும். வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்கள் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். பூச்சு வேலை தொடங்கும் முன் கொத்தனாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.