வெற்றுத் தோட்டாவும் பித்தளைச் சிக்கனமும்

உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் பித்தளைப் பாத்திரத்தை வீசியெறியும் வீட்டைக் காண்டல் அரிது. பாட்டியார் காலத்துக் குடம் ஒடுக்கெடுக்கப்பெற்றுப் பேர்த்தியின் கலியாணத்துக்கும் வந்து சேரும். இச்சிக்கனத்தை நாம் குறைகூறோம். ஆயின், துப்பாக்கி சுடும் பயிற்சியில் ஊக்கமுடைய நண்பர் சிலர், சுட்டுக் கழிந்த கைத்துப்பாக்கித் தோட்டாவின் கூட்டையும் அக்குடம்போலவே எண்ணி, "இதனை எத்தனை முறை மருந்திட்டு நிரப்பலாம்?" என்று வினவுகின்றனர். அவ்வினாவே பொருந்தாது என்பது நமது துணிபு. கூடுகளுக்குப் பொதுவான ஆயுட்கணக்கு இல்லை; ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

தோட்டாப் பித்தளை, நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. மோட்டார் வண்டியின் சக்கரத்திலுள்ள காற்று, சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 30 பவுண்டு அழுத்தமுடையது; 9 மில்லிமீட்டர் தோட்டாவிலோ அது 35,000 பவுண்டு வரை ஏறும். கூடு ஒவ்வொரு முறையும் விரிந்து, அச்சில் மீண்டும் நெருக்கப்பட்டு, மேன்மேலும் கடினமாகிறது. தட்டத் தட்டப் பித்தளை இறுகுமென்பதை அனுப்பர்பாளையத்துப் பாத்திரத் தொழிலாளரிடம் கேட்டாலும் சொல்வர்.

முதலில் வெடிப்பது பெரும்பாலும் வாய் விளிம்பே. நாலைந்து கூடுகளைக் கையிலிட்டுக் குலுக்கினால், கீறல் விழுந்தது, சந்தையிலே தட்டிப் பார்க்கும் ஓட்டைப் பானைபோல மழுங்கி ஒலிக்கும். இக்குறை எளிதிற் புலப்படும்; தீங்கும் சிறிதே. அஞ்சத்தக்கது அடிப்பாகம். சில கைத்துப்பாக்கிகளில், தோட்டா ஏறும் சரிவின்பால் அடிப்புறத்துக்கு முழுத் தாங்கல் இல்லை. அங்கே புடைத்த கூட்டை அச்சிலிட்டு அழகாக்குவோர் உளர். வடிவம் திரும்பும், வலிமை திரும்பாது. புதிய கேப்பு இறுக்கமாக அமராது நழுவுமாயின் அதனையும் கழிக்க. தீயில் வெந்த கூட்டைப் பற்றி ஆராயவே வேண்டா. அதன் அடி இளகிப் போயிற்று.

சுடாத பித்தளையும் நம்பத்தக்கதன்று என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. பிரிட்டிஷ் இராணுவத்தார் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் தாமே வெடிப்புற்றன. குதிரை மூத்திரத்தினின்று எழும் அம்மோனியா ஆவியே காரணமென்பது 1921-இல் ஆராய்ச்சியால் விளங்கிற்று. மாட்டுக் கொட்டிலும் கோழிப் பண்ணையும் மலிந்த நம் பக்கத்தார் இதனை மறத்தலாகாது. அம்மோனியா கலந்த மெருகுநீரால் கூட்டைத் துலக்குவதும் தவறே.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா ஆக்குதல் குற்றம். ஆதலின் இது வீட்டுத் திண்ணையிற் செய்து பார்க்கும் வேலையன்று. உரிமமுடையாருக்கும் நாம் சொல்வது இதுவே: யார் சுட்டது, எத்தனை முறை நிரப்பியது என்றறியாமல் தரையிற் பொறுக்கிய கூடு, பார்வைக்குப் பழுதற்றதாயினும் பழைய பித்தளைக் கூடைக்கே உரியது. சில காசு பெறாத உலோகத்துக்காக ஒருவன் தன் விரலையும், பக்கத்தில் நிற்பவன் கண்ணையும் பணயம் வைத்தல் சிக்கனமாகுமோ? கழித்த கூட்டின் வாயைக் குறடால் நசுக்கிவிட்டே கூடையிலிடுக. அன்றேல், மறுநாளே வேறொருவர் அதனைப் பொறுக்கியெடுத்து நிரப்பிவிடுவர்.