சட்டம் போட்ட பட்டம்!

கூடத்துச் சுவரில் முருகன் படம். வலப்புறம் திருமகள். இடப்புறம் கலைமகள். அந்த வரிசையில் நான்காவதாக, கண்ணாடிச் சட்டம் போட்டு, நான்கு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் இட்டு, மல்லிகைச் சரம் சூட்டி மாட்டப்பட்டிருந்தது ஒரு காகிதம். உற்று நோக்கினேன். கல்வியியல் முதுகலைப் பட்டம்! எம்.எட். என்று சுருக்கிச் சொல்லுகிறோமே, அதுதான். வீட்டுக்குரியவர் அருப்புக்கோட்டை வட்டாரத்தில் பல்லாண்டு பணிபுரிந்த ஆசிரியர், எனக்கு மூத்தவர், நல்லவர்.

“ஆய்வேடு எழுதியிருப்பீர்களே அண்ணே, எதைப் பற்றி?” என்று கேட்டேன்.

சிரித்தார். “அதெல்லாம் யாருக்குத் தம்பி நினைவிருக்கிறது? மதுரையிலே ஒருவர் இருக்கிறார். பணத்தைக் கொடுத்தால் தட்டச்சு செய்து, அட்டை போட்டு, பொன்னெழுத்துப் பொறித்துக் கையிலே கொடுத்துவிடுவார். தலைப்பைக்கூட அவரே பார்த்துக்கொள்வார்!”

தலைப்பும் அவர்! ஏடும் அவர்! பட்டம் மட்டும் இவர்! ஆண்டுக்கொரு நாள் புத்தகங்களை அடுக்கிவைத்து, பொட்டிட்டு, பொரி கடலை படைத்து, ‘இன்றைக்கு ஏட்டைத் தொடாதே, படிக்காதே’ என்று பிள்ளைகளுக்குக் கட்டளையிடும் நாடு இது. நம் நண்பரோ ஆண்டு முழுவதும் அந்தப் பூசையை நடத்துகிறார், அவ்வளவுதான் வேற்றுமை.

ஆனால், தோழர்களே, அவரைப் பார்த்து நகைத்துவிட்டுப் போவதற்காக இதை எழுதவில்லை. அவரை அந்தப் பூசாரி நிலைக்குத் தள்ளியது எது என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

பட்டப் படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் முடித்துப் பணியில் அமர்ந்த ஒருவன், மேலும் படிக்க விரும்புகிறேன் என்று இந்த வறண்ட சீமையில் வாய் திறந்து சொல்லிப் பார்க்கட்டும்! “வேலைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்குப் படிப்பு?” என்பர் உறவினர். “சம்பளம் கூடுமா?” என்பார் கடன் கொடுத்தவர். அலுவலகத்திலே அமர்ந்திருப்பவரோ, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “ஆனா ஆவன்னாவும் வாய்ப்பாடும் சொல்லிக் கொடுக்க எம்.எட். எதற்கய்யா?” என்பார். நானும் கேட்டிருக்கிறேன் இந்தக் கேள்வியை.

இந்தக் குரல் நமக்குப் பழக்கமான குரல். 1953இல் சென்னை மாகாணத்தில் ஆச்சாரியார் அரசு ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தது. பள்ளியில் பாதி நேரம். மீதி நேரம் அப்பன் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள் என்றது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி அதை எதிர்த்து எழுந்தது தமிழகம். 1954இல், இதே விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சரானதும் அது குப்பைக்குப் போயிற்று. அத்திட்டத்தின் உயிர்நாடி என்ன? ‘உன் நிலைக்கு இவ்வளவு அறிவு போதும்!’ அந்தப் ‘போதும்’ செத்துவிடவில்லை. மாணவனிடம் சொன்னால் உதை விழும் என்றறிந்து, இப்போது ஆசிரியனிடம் சொல்லுகிறது. கருமத்தைச் செய், காரணத்தைக் கேட்காதே என்பதுதானே இது? வேள்வி செய்யும் முறை வேறொருவனுக்கு, விறகு சுமக்கும் வேலை நமக்கு!

காரணம் கேட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன்.

ஒரு நாள் வகுப்பில் அகன்ற சட்டி ஒன்றில் தண்ணீர் வைத்தேன். பிள்ளைகள் பார்த்திருக்க, அதை அப்படியே ஒடுங்கிய உயரமான கண்ணாடிக் குவளைக்கு மாற்றினேன். “இப்போது தண்ணீர் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, அதேதானா?” என்றேன். “கூடிப்போச்சு சார்!” என்று கத்தின சின்னஞ்சிறுசுகள். உயரம் கூடியது கண்ணுக்குத் தெரிகிறதே! நாள்தோறும் தெருக்குழாயடியிலிருந்து குடம் சுமக்கும் சிறுமி ஒருத்தி மட்டும், “ஊத்துனது அதே தண்ணிதானே சார்” என்றாள்.

கூடிவிட்டது என்று சொன்ன பிள்ளைகளை ‘மண்டுகள்’ என்பார் படிக்காத ஆசிரியர். ‘தலையெழுத்து’ என்பார் பக்தியுள்ள ஆசிரியர். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே, குழந்தைகளின் ‘தவறான’ விடைகளையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். அந்த விடை மடமையன்று, சிந்தனை வளர்ச்சியில் ஒரு படி. ஏறத்தாழ ஏழு வயதளவில் குழந்தை அதைக் கடக்கிறது என்று காட்டினார். கதை அங்கே முடியவில்லை. 1969இல் பிரைஸ் வில்லியம்ஸ் என்பாரும் அவருடைய தோழர்களும் மெக்சிகோ நாட்டில் மண்பாண்டம் வனையும் குடும்பத்துப் பிள்ளைகளைச் சோதித்தனர். வடிவம் மாறினாலும் களிமண்ணின் அளவு மாறாது என்பதை மற்றப் பிள்ளைகளைவிட அவர்கள் நன்றாக உணர்ந்திருந்தனர் என்று கண்டனர்.

‘பார்த்தீரா! குயவன் மகனுக்குக் குயவுத்தொழிலே பொருந்தும்’ என்று குலக்கல்விக்காரர் துள்ளி எழக்கூடும். பொறுங்கள் ஐயா! அது இரத்தத்தில் வந்த அறிவன்று. பிசைந்து பிசைந்து கையில் வந்த அறிவு. ஆகவே குயவன் மகனைச் சக்கரத்தோடு கட்டிப்போடு என்பதா முடிவு? எல்லார் வீட்டுப் பிள்ளையின் கையிலும் களிமண்ணைக் கொடு என்பதல்லவா முடிவு! அப்படியானால், தண்ணீருக்குத் தவம் கிடக்கும் இந்தக் கரிசல் காட்டில், குடம் சுமக்கும் குழந்தைக்கு நீரின் அளவு முந்திப் புலப்படுகிறதா? எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு சிறுமியின் ஒரே ஒரு விடை. ஒன்றை வைத்து முடிவு கட்டுவது சோதிடன் வேலை. எத்தனை பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும், எப்படி ஒப்பிட வேண்டும், என் ஆசை என் கண்ணை மறைக்காமல் எப்படிக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லித் தருவதுதான் எம்.எட். வகுப்பின் ஆராய்ச்சி முறைப் பாடம். அந்தப் பாடத்தைத்தான் நம் நண்பர் மதுரையில் விலைக்கு வாங்கினார்.

ஏன் வாங்கினார்? இனி ஆள்வோரைக் கேட்போம்.

1969 சனவரியில், அண்ணா முதலமைச்சராயிருந்த கடைசி நாட்களில், உயர்கல்வித் தகுதி பெறும் ஆசிரியர்களுக்கு ஊக்க ஊதிய உயர்வு தரும் அரசாணை பிறந்தது. அடுத்த மாதமே அண்ணா மறைந்தார். சிறிது காலம் தாமும் பள்ளியாசிரியராயிருந்த எம்.ஏ. பட்டதாரி அவர், ஆசிரியன் படித்தால் ஊருக்கு என்ன இலாபம் என்பதை அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அரை நூற்றாண்டு நின்ற அந்த உரிமையை 2020 மார்ச்சில் அன்றைய அரசு ஒரே ஆணையால் அறுத்தது. 2021இல் ஆட்சி மாறிய பின்னர், ஒரு தடவை மட்டும் ஒரு தொகை என்று அறிவிக்கப்பட்டது. வாழ்நாள் ஊதியத்தில் சேர்ந்தது எங்கே, ஒரு தடவைத் தொகை எங்கே!

‘காசுக்காகவா படிப்பது?’ என்று கேட்கும் கனவான்கள் உண்டு. ஓரளவு ஒப்புகிறேன். நம் நண்பர் ஏட்டை விலைக்கு வாங்கியதும் ஊதிய உயர்வுக்காகத்தான். ஆனால் நோய் காசிலே இல்லை. படிப்பு நடந்ததா என்று பாராமல் காகிதம் வந்ததா என்று மட்டும் பார்த்த கண்ணிலே இருக்கிறது.

அடுத்தது காலம். ஓராண்டாயிருந்த எம்.எட். படிப்பை, ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவின் 2014ஆம் ஆண்டு விதிகள் ஈராண்டாக்கின. ஆண்டுக்கு 200 வேலை நாள். நூற்றுக்கு 80 வருகை. நல்ல படிப்புக்கு நீண்ட காலம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் திருச்சுழிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பாடம் நடத்துகிறவன், மதுரையிலோ காரைக்குடியிலோ ஈராண்டு உட்கார வேண்டுமென்றால், ஊதியமில்லாத விடுப்பு எடுக்க வேண்டும். மானாவாரிப் பருத்தியை நம்பிய வீட்டில் மாதச் சம்பளம் வருவது அவன் ஒருவனுக்குத்தான். நேர்மையுள்ளவன் ஆசையை அடக்கிக்கொண்டு வீட்டிலிருக்கிறான். மற்றவன், வகுப்புக்கு வராமல் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் வருகிறான்! பெண் ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பள்ளி வேலை முடிந்து அடுப்படி வேலைக்கு ஓடும் அவர்களுக்கு, விடுப்பு கேட்குமுன் வீட்டிலே எத்தனை பேரிடம் உத்தரவு பெற வேண்டியிருக்கிறது!

செய்ய முடியாத காரியமா இது? கோத்தாரி கல்விக்குழு 1966இலேயே, ஒவ்வோர் ஐந்தாண்டுப் பணிக் காலத்திலும் ஆசிரியருக்கு இரண்டு மூன்று மாதம் படிப்பு வேண்டும் என்றது. பின்லாந்து நாட்டில் 1970களின் இறுதியிலிருந்தே தொடக்கப் பள்ளி வகுப்பாசிரியருக்கும் முதுகலைப் படிப்பு கட்டாயம். அங்கேயும் ஆனா ஆவன்னாதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்! 2025 பிப்ரவரியில் வெளியான தேசியக் குழுவின் வரைவு விதிகள், பணியிலிருப்போருக்கு ஈராண்டுப் பகுதி நேர எம்.எட். பற்றிப் பேசின. பேசட்டும். பகுதி நேர வகுப்பு எங்கே நடக்கும் என்பதல்லவா நம் கேள்வி? அருப்புக்கோட்டையில் எஸ்.பி.கே. கல்லூரி இருக்கிறது, தேவாங்கர் கலைக் கல்லூரி இருக்கிறது. சனி ஞாயிறுகளிலும் கோடை விடுமுறையிலும் அவற்றில் இரண்டு அறைகளைத் திறந்தால் போதும். நாற்பது ஆசிரியர்கள் மதுரைக்குப் போவதற்குப் பதிலாக, நான்கு பேராசிரியர்கள் ஐம்பது கிலோமீட்டர் இங்கே வரட்டுமே! களப்பணிக்கும் ஆய்வுக்கும் ஊதியத்தோடு கூடிய விடுப்பு தரட்டும்.

நம் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு சொல். பஞ்சப்படிக்கும் ஓய்வூதியத்துக்கும் தெருவில் இறங்கிய கால்கள், படிப்பு விடுப்புக்காக ஓரடி எடுத்து வைத்ததை நான் பார்த்ததில்லை.

ஆய்வேடு தமிழிலே இருக்க வேண்டும். ஆசிரியர் தம் பள்ளியைப் பற்றியே எழுத வேண்டும். கரிமூட்டத்துக்குப் பெற்றோர் ஊர் விட்டு ஊர் போகையில் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை, திரும்பி வந்ததும் எதை மறந்திருக்கிறது? வீட்டுப் பேச்சுக்கும் பாடநூல் மொழிக்கும் இடையே எங்கே தடுக்கி விழுகிறது? திருச்சுழி என்றால் திருமேனிநாதர் கோயில் என்பார்கள், ரமணர் பிறந்த ஊர் என்பார்கள். அங்கே பிறக்கும் மற்றப் பிள்ளைகளைப் பற்றி எழுத இவ்வளவு இருக்கிறது. எழுதி முடித்ததைப் பேராசிரியர் இருவர் முன்னிலையில் மட்டும் வாசித்தால் போதாது. ஊர் மந்தையிலே, பெற்றோர் முன்னிலையிலே வாசிக்கட்டும். அவர்களும் கேள்வி கேட்கட்டும். விலைக்கு வாங்கிய ஏட்டை வைத்துக்கொண்டு கண்மாய்க்கரைக் கூட்டத்தில் எவராலும் கால் மணி நேரம் நிற்க முடியாது!

படிப்பகம் நடத்தும் தோழர்கள் இந்த மாதமே ஒரு வேலையைத் தொடங்கலாம். உங்கள் ஊர்ப் பள்ளியில் எம்.எட். முடித்த ஆசிரியர் இருப்பார். ஒரு மாலை நேரத்தில் அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். வணக்கம் சொல்லுங்கள். சுவரில் மாட்டியிருப்பதைப் பார்க்க வேண்டாம். அவருடைய ஆய்வேட்டைப் படிப்பகத்துக்குக் கேளுங்கள்.