கதை படித்த சிறுவன், கனவு கண்ட பெரியவர்

பத்து வயதுப் பையன் ஒருவன். அவனைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு வந்த குண்டு மனிதர் ஒருவர். பையனைத் தூங்க வைக்க வேண்டும். அதற்காக அவர் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துப் பிரிக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். பெரிய வார்த்தை ஒன்று வந்ததும் திக்குகிறார், திணறுகிறார். பையனுக்குப் பொறுமை இல்லை. புத்தகத்தை வாங்கி அவனே படிக்க ஆரம்பிக்கிறான்.

கதை நடக்கிறது. சிறிது நேரத்தில் ஒருவர் தூங்கிவிடுகிறார். தூங்கியது பையன் அல்ல, பெரியவர்!

அவர் காணும் கனவுதான் மீதிப் படம். 1952-ல் அமெரிக்காவில் வெளிவந்த "ஜாக்கும் அவரைக் கொடியும்" என்ற சினிமா இப்படித்தான் தொடங்குகிறது. குண்டு மனிதராக வருபவர் லூ காஸ்டெல்லோ. அவருடைய ஜோடி பட் அபாட். ஒல்லியானவர் மிரட்டுவார், குண்டானவர் மாட்டிக்கொண்டு முழிப்பார். இந்த இருவரின் கூத்து அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் பெயர் பெற்றது.

படத்துக்குச் செலவு செய்த பணம் குறைவு. அது திரையில் தெரியவும் செய்கிறது. ஆனாலும் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இதைத் தேடிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

கிழவிகள் சொன்ன கதை

கதை இங்கிலாந்தில் பிறந்தது. ஏழை விதவை. அவளுக்கு ஒரு மகன், பெயர் ஜாக். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் பசுமாட்டை விற்கப் போகிறான். மாட்டைக் கொடுத்துவிட்டு மந்திர அவரை விதைகளை வாங்கி வருகிறான். தாய் ஆத்திரத்தில் விதைகளை வெளியே வீசுகிறாள். விடிந்து பார்த்தால் கொடி வானத்தைத் தொட்டு நிற்கிறது! ஏறிப் போனால் மேலே ஒரு ராட்சதன். அவனிடம் பொன் முட்டையிடும் கோழி. ஜாக் கோழியை எடுத்துக்கொண்டு இறங்கி, கொடியை வெட்டுகிறான். ராட்சதன் விழுந்து சாகிறான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பிறர் வீட்டில் புகுந்து கோழியைத் தூக்கி வருவது திருட்டு அல்லவா? குழந்தைகள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார்கள். 1807-ல் பெஞ்சமின் டாபர்ட் என்ற புத்தக வியாபாரி இந்தக் கதையை லண்டனில் அச்சிட்டபோது இதற்குப் பதில் சேர்த்தார். அந்த ராட்சதன்தான் முன்பு ஜாக்கின் தகப்பனைக் கொன்று சொத்தைக் கொள்ளையடித்தவன் என்று எழுதினார். 1890-ல் ஜோசப் ஜேக்கப்ஸ் என்பவர் தம் தொகுப்பில் அதைச் சேர்க்கவில்லை. ஆஸ்திரேலியாவில் தாம் சிறுபிள்ளையாக இருந்தபோது கேட்ட மாதிரியே எழுதினார். அதில் ஜாக் துணிச்சல்காரன், நியாயம் பேசுவதில்லை.

சினிமாக்காரர்கள் டாபர்ட்டின் வழியில் போனார்கள். படத்தில் ராட்சதன் நாட்டின் செல்வத்தையெல்லாம் சூறையாடியவன். இளவரசியையும் பிடித்துக்கொண்டு போகிறான். எனவே ஜாக் கொடியில் ஏறுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. காஸ்டெல்லோ மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை வானத்துக்கு அனுப்புவதென்றால் வலுவான காரணம் வேண்டும்தானே!

மாட்டின் பெயரில் ஒரு வேடிக்கை. ஜாக் விற்கப் போகும் பசுவின் பெயர் ஹென்ரி. அது ஆம்பிளைப் பெயர்! பசுவை வாங்கிக்கொண்டு ஐந்து விதைகளைத் தலையில் கட்டும் கசாப்புக் கடைக்காரராக அபாட் வருகிறார். மேலே பொன் இருக்கிறது என்று தெரிந்ததும் அவரும் கூடவே கொடியில் தொற்றுகிறார். நாட்டுக்காக அல்ல, பைக்காக.

கலர் வேண்டும் என்ற ஆசை

அபாட்டும் காஸ்டெல்லோவும் 1940-ல் இருந்து யூனிவர்சல் கம்பெனியில் நடித்து வந்தார்கள். 1942-ல் அமெரிக்காவில் அதிக வசூல் தரும் நட்சத்திரங்கள் என்று முதலிடத்தில் வந்தவர்கள் இவர்கள்தான். ஆனால் அவர்களுடைய படம் எல்லாம் கறுப்பு வெள்ளை. கறுப்பு வெள்ளையிலேயே பணம் கொட்டும்போது கலருக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்? கம்பெனிக்காரர்களின் கணக்கு அது.

ஆண்டுக்கு ஒரு படம் வெளியில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருவருக்கும் ஒப்பந்தத்தில் ஒரு சலுகை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு கலர்ப் படம் என்று பேசி வைத்தார்கள். காஸ்டெல்லோவின் கம்பெனிக்கு "ஜாக்". அபாட்டின் பங்குக்குக் கடற்கொள்ளைக்காரன் "காப்டன் கிட்" பற்றிய படம். அதுவும் 1952-லேயே வந்தது. இருவரும் சேர்ந்து நடித்ததில் கலர்ப் படங்கள் இவை இரண்டு மட்டுமே.

கதையை அமைத்ததாகப் படத்தில் பெயர் போடப்பட்டவர் பாட் காஸ்டெல்லோ. லூவின் அண்ணன். வீட்டுக் காரியம் மாதிரி நடந்திருக்கிறது!

டெக்னிகலர் என்றால் அன்று பெரிய செலவு. அதற்கென்று தனிக் கேமரா உண்டு. அதையும் அந்தக் கம்பெனியிடமே வாடகைக்கு எடுக்க வேண்டும். ஆகவே சூப்பர் சினிகலர் என்ற மலிவான முறையைப் பிடித்தார்கள். ஃபிலிமின் இரண்டு பக்கமும் வர்ணம் ஏற்றும் முறை அது.

அதிலும் சாமர்த்தியம் செய்தார்கள். வீட்டில் நடக்கும் முதல் பகுதி செம்பழுப்பு நிறத்தில் வருகிறது. பெரியவர் தூங்கிக் கனவு தொடங்கியதும் திரை முழுவதும் கலர் ஆகிறது. கனவு முடிந்ததும் மறுபடி பழுப்பு. 1939-ல் வந்த "ஓஸ் மந்திரவாதி" படத்தில் பார்த்த வித்தைதான். இரவல் வித்தை என்றாலும் இந்தக் கதைக்கு அது பொருந்துகிறது. சாதாரண வாழ்வு நிறமில்லாமல் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் நிறம் வருகிறது.

இரவல் கோட்டை

ஹால் ரோச் ஸ்டூடியோவில் 1951 கோடைக்காலத்தில் படப்பிடிப்பு நடந்தது. டைரக்டர் ஜீன் யார்பரோ. இந்த ஜோடியை வைத்து முன்பே படங்கள் எடுத்தவர். வேகமாக முடிப்பதில் கெட்டிக்காரர்.

ராஜா கதை என்றால் கோட்டை வேண்டும், கொத்தளம் வேண்டும், கிராமம் வேண்டும். எல்லாம் கட்டினால் கஜானா காலி. நல்ல வேளை, அதே ஸ்டூடியோவில்தான் சில ஆண்டுகளுக்கு முன் இங்கிரிட் பெர்க்மன் நடித்த "ஜோன் ஆப் ஆர்க்" படம் எடுக்கப்பட்டது. 1948-ல் வெளிவந்த பிரம்மாண்டமான படம் அது. அந்த செட்டுகளை இவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். வீராங்கனை ஜோன் நின்ற இடத்தில் குண்டு காஸ்டெல்லோ தடுக்கி விழுகிறார்!

ஆட்களிலும் சிக்கனம். ஆரம்பத்தில் போலீஸ்காரராக வருபவரே கனவில் ராட்சதன். வேலை தேடித் தரும் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் உயரமான பெண்ணே கனவில் ராட்சதனின் வீட்டு வேலைக்காரி. சம்பளம் மிச்சம்தான். ஆனால் இதைக் குறை சொல்வதற்கில்லை. பகலில் பார்த்த முகம்தானே இரவில் கனவில் வேறு வேஷத்தில் வருகிறது? சிக்கனத்துக்காகச் செய்தது கதைக்கும் நன்மையாக முடிந்தது.

ராட்சதனாக நடித்த படி பேயர் நிஜத்தில் குத்துச்சண்டை வீரர். ஆறரை அடி உயரம். 1941-ல் உலகச் சாம்பியன் ஜோ லூயிசுடன் மோதி, முதல் ரவுண்டிலேயே அவரைக் கயிற்றுக்கு வெளியே தள்ளியவர். சண்டையில் கடைசியில் ஜெயித்தது லூயிஸ்தான். இருந்தாலும் அந்த ஒரு அடியை ஊர் மறக்கவில்லை.

குறை எங்கே?

குறை இந்த ராட்சதனிடம்தான் ஆரம்பிக்கிறது. ஆறரை அடி என்பது குத்துச்சண்டை மேடைக்குப் பெரிசு. வானத்தில் வசிப்பவனுக்குப் போதாது. கதை கேட்கும் பிள்ளை மனத்தில் ராட்சதன் பனைமரம் அளவு இருப்பான். அவனுடைய செருப்புக்குள் ஜாக் ஒளிந்துகொள்வான். திரையிலோ உயரமான ஒரு மனிதர், தாடி வைத்துக்கொண்டு உறுமுகிறார். பணத்தை ஒரே இடத்தில்தான் செலவு செய்ய முடியும் என்றால் இந்த இடத்தில் செய்திருக்க வேண்டும்.

பாட்டுகளும் அப்படித்தான். பாட்டுப் படம் என்று சொல்லிவிட்டுப் பாட்டில் கோட்டை விட்டிருக்கிறார்கள். இளவரசியும் இளவரசனும் பாட ஆரம்பித்தால் கதை நின்றுவிடுகிறது. குரல் நல்ல குரல். ஆனால் பிள்ளைகள் ஜாக் எங்கே என்று தேடுவார்கள். காதல் பாட்டு பெரியவர்களுக்காகப் போட்டது போலும். பெரியவர்களும் அதற்காக வந்தவர்கள் அல்ல.

எதற்கும் அஞ்சேன் என்ற பொருளில் காஸ்டெல்லோ பாடும் பாட்டு மட்டும் வேறு. பாடுகிறவருக்கு அடிவயிற்றில் நடுக்கம் என்பது தியேட்டரில் உள்ள சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதில் சிரிப்பும் இருக்கிறது, கதையும் இருக்கிறது. உயரமான வேலைக்காரியாக வரும் டாரதி போர்டோடு அவர் ஆடும் ஆட்டமும் அப்படியே. அவள் தோளுக்கு இவர் எட்டவில்லை! இந்த ஆட்டத்துக்கு செட்டும் வேண்டாம், பணமும் வேண்டாம். இரண்டு பேர் போதும்.

பிள்ளைகள் படம்தானே, எப்படி இருந்தாலும் போதும் என்று நினைக்கிற பட முதலாளிகள் எல்லா நாட்டிலும் உண்டு. அந்த நினைப்பு மோசமானது. இரவல் கோட்டையைப் பிள்ளைகள் மன்னிப்பார்கள். அரை மனதாகச் சொன்ன கதையை மன்னிக்க மாட்டார்கள். இந்தப் படத்தில் தடுமாறிய இடங்கள் எல்லாம் பணம் குறைந்ததால் வந்தவை அல்ல. ராட்சதனையும் கொடியையும் மறந்துவிட்டுப் பெரியவர்களைத் திருப்தி செய்யப் போன இடங்களில்தான் அதிகம் தடுமாறியிருக்கிறது.

45 வயது ஜாக்

படம் எடுத்தபோது காஸ்டெல்லோவுக்கு வயது 45. ஜாக் என்ற சிறுவனாக 45 வயதுக்காரர்! இது எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய நடிப்பே குழந்தையின் நடிப்புதான். பயந்தால் மூச்சு முட்டும். சந்தோஷம் வந்தால் குதிப்பார். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்.

குழந்தைகள் விஷயத்தில் அவர் வாழ்வில் ஒரு பெரிய துக்கம் உண்டு. 1943 நவம்பர் 4-ஆம் தேதி அவருடைய ஒரே மகன் வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தான். முதல் பிறந்த நாளுக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது. பல மாதம் காய்ச்சலில் படுத்திருந்துவிட்டு, அன்று இரவுதான் காஸ்டெல்லோ ரேடியோவுக்குத் திரும்புவதாக இருந்தார். குழந்தையைத் தூங்க விடாதே, அப்பா குரல் அவனுக்குத் தெரிகிறதா பார்க்கலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சேதி வந்தது. வீட்டுக்கு ஓடினார். அன்று இரவே திரும்பி வந்து நிகழ்ச்சியை நடத்திக் கொடுத்தார். ஜனங்கள் சிரித்தார்கள். முடிவில் அபாட் விஷயத்தைச் சொன்ன பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

1947-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக மகன் பெயரில் ஒரு விளையாட்டு நிலையத்தை அமைத்தார். அதற்குப் பிறகு ஐந்தாம் ஆண்டில் வந்தது இந்தப் படம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. தம் கம்பெனியின் முதல் கலர்ப் படத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது பிள்ளைகள் கதை. அது ஒன்று மட்டும் தெரிந்த விஷயம்.

பிற்காலம் நன்றாக இல்லை. வருமான வரிப் பாக்கி இருவரையும் பிடித்தது. வீடுகளை விற்றார்கள். 1957-ல் ஜோடி பிரிந்தது. 1959 மார்ச் 3-ஆம் தேதி காஸ்டெல்லோ காலமானார். அபாட் 1974 வரை இருந்தார்.

வெளுத்துப்போன கலர்

படத்துக்கும் சோதனை வந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28 ஆண்டுகள் முடிந்ததும் உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். இந்தப் படத்துக்கு அதை யாரும் செய்யவில்லை. பிறகு கேட்பானேன்! யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்தார்கள், காசெட்டாக விற்றார்கள். பிரதியிலிருந்து பிரதி எடுத்ததில் கலர் வெளுத்தது. பச்சைக் கொடி பழுப்பாகத் தெரிந்தது. எந்தக் கலருக்காக அந்த இருவரும் கம்பெனிக்கு வெளியே போனார்களோ, அந்தக் கலரைப் பல ஆண்டுகள் ஜனங்கள் சரியாகப் பார்க்கவே இல்லை.

2022-ல், படம் வந்து 70 ஆண்டு ஆனதையொட்டி, பழைய ஃபிலிம் பிரதிகளைத் தேடிப் பிடித்துச் சீர்செய்தார்கள். வர்ணம் திரும்பியது. கொடி மறுபடி பச்சையாயிற்று.

கதை படித்துக் காட்டிய அந்தப் பையன் என்ன ஆனான்? அவன் பெயர் டேவிட் ஸ்டாலரி. டிஸ்னி கம்பெனியின் டெலிவிஷன் தொடரில் நடித்துப் புகழ் பெற்றான். பெரியவன் ஆனதும் நடிப்பை விட்டுவிட்டுக் கார்களுக்கு உருவம் வரையும் தொழிலுக்குப் போய்விட்டான். டொயோட்டா கம்பெனியின் செலிக்கா காருக்கு 1970-களில் புது உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அவர். படத்தில் மட்டும் அவன் இன்னும் அந்தப் பத்து வயதுப் பையன்தான். மடியில் புத்தகம். பக்கத்தில் ஒரு குண்டு மனிதர் குறட்டை விடுகிறார்.