ஒரு கைப்பிடி மண்ணை நம்பாதீங்க

மண் பரிசோதனைக்கு நாம் எப்படி மண் எடுக்கிறோம்? வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவக் குழி வெட்டி, கலந்து, கால் பகுத்து, அரைக் கிலோ அனுப்புகிறோம். வரப்போரம், எருக்குழிப் பக்கம் எடுப்பதில்லை. ஒரே இடத்து மண் பொய் சொல்லும்னு நமக்குத் தெரியும்.

போர் நடந்த நிலத்துக்கு இந்தப் பாடம் இன்னும் அவசியம். இலங்கை வடக்கில் 2009-க்குப் பிறகு கண்ணிவெடி அகற்றிய காணிகளுக்கு உழவர்கள் திரும்பினார்கள். உக்ரைனின் கரிசல் வயல்களிலும் அந்த வேலை நடக்கிறது. ஆனால் கண்ணியை எடுப்பது வேறு, மண்ணில் கலந்த வெடிமருந்தைப் பார்ப்பது வேறு.

டி.என்.டி. பெரும்பாலும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆர்.டி.எக்ஸ். நீரோடு கீழே இறங்கும், பயிரின் இலைக்கும் ஏறும். அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் ராணுவப் பயிற்சித் திடலுக்கு அடியில் குடிநீர் ஊற்றிலேயே அது கலந்தது. 1997-ல் அங்கே குண்டுப் பயிற்சியை நிறுத்த வேண்டியதாயிற்று.

இதை நிலத்திலேயே சோதிக்க வழி இருக்கு. மண்ணை அசிட்டோனில் குலுக்கி, வடிகட்டி, காரம் சேர்த்தால் டி.என்.டி. சிவப்பாகத் தெரியும். ஆர்.டி.எக்ஸ்.-க்குத் துத்தநாகத் தூளும் அமிலமும் சேர்த்து, நைட்ரைட் காட்டும் தூளைப் போட்டால் இளஞ்சிவப்பு வரும். உர நைட்ரேட்டும் அதே நிறம் காட்டும், அதனால் அதை முதலில் நீக்கணும். கிலோ மண்ணில் 1 மில்லிகிராம் அளவு வரை பிடிபடும். பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. அதுவும் கண்ணி அகற்றிய பிறகுதான்.

ஆய்வகம் இன்னும் துல்லியம் என்பார்கள். சரிதான். ஆனால் வெடிமருந்து துணுக்குத் துணுக்காகச் சிதறிக் கிடக்கும். நாலடி தள்ளி எடுத்த மண்ணே பல மடங்கு மாறும். அதனால்தான் பயிற்சித் திடல்களில் ஒரு மாதிரிக்கே 30 இடமாவது தொட்டு மண் எடுக்கச் சொல்கிறது அமெரிக்க அரசின் 2006 வழிமுறை.

வங்கியில் இருந்த காலத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு முழுப் பேரேடும் சரின்னு நான் கையெழுத்துப் போட்டதில்லை. நிலத்துக்கும் அதுதான் நியாயம். முதலில் வயல் முழுக்க நிறச் சோதனை, சந்தேகப்பட்ட இடத்துக்கு ஆய்வகம். 'கண்ணி இல்லை' என்ற சான்றோடு 'மண் சுத்தம்' என்ற சான்றும் உழவர் கைக்கு வரணும். அதற்குப் பிறகுதான் ஏர் இறங்கணும்.