திரைப் பாடமும் வகுப்புப் பாடமும்

கல்வி பயிற்றும் முறைகளுள் இணையவழிப் பாடம் என்பது இந்நாளிற் பெரிதும் பேசப்படுகின்றது. இதனை வானளாவப் புகழ்வாரும் உளர். கல்விக்கு வந்த கேடென இகழ்வாரும் உளர். இரு சாராரும் பாடஞ் சொல்லுதலைப் பற்றியே வாதிடுகின்றனரேயன்றிப் பாடங் கற்றலைப் பற்றி அதிகம் சிந்திப்பதாகத் தோன்றவில்லை.

இம்முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. 2003-ஆம் ஆண்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் கூடி என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. 2017-ஆம் ஆண்டில் ஸ்வயம் என்னும் தளம் அரசினரால் திறக்கப்பெற்றது. 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழுவினர் வகுத்த விதிப்படி, ஒரு பருவத்துப் பாடங்களுள் நூற்றுக்கு 40 பங்கு வரை மாணவர் ஸ்வயத்தின் வாயிலாகப் பயின்று, அம்மதிப்பைத் தம் பட்டத்திற் சேர்த்துக்கொள்ளக் கல்லூரி இடந்தரலாம். ஐந்து பாடங்களில் இரண்டு திரைக்குச் செல்லக்கூடுமாயின், இஃது ஓய்வு நேரத்திற் பேசிக் கலையும் பொருளன்று.

பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்திலே, பாடங் கேட்கும் வகையைக் கூறுமிடத்து, ஒரு கணக்குக் காட்டியுள்ளார். ஆசிரியர் உரைத்ததை ஒருவன் செவ்வையாகக் கேட்டுக்கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது புலமையிற் காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வருவது. எண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட இவ்வளவுகோலைக் கொண்டே திரையையும் வகுப்பையும் அளந்து பார்ப்போம்.

முதற் காற்பங்கில் திரையே பல சமயங்களில் வெல்லும் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒரு பாடத்தை இருமுறை, மும்முறை கேட்டலால் வரும் பயனை அம்முனிவரே எடுத்தோதியுள்ளார். தமிழ் வழியிற் பயின்று கல்லூரி புகுந்த மாணவன், ஆங்கில விரிவுரையில் ஒரு வாக்கியம் விளங்காதபோது, நாற்பது பேர் நடுவே எழுந்து “ஐயா, மீண்டும் சொல்லுங்கள்” என்று கேட்பது அரிது. திரையை நிறுத்திப் பத்து முறை கேட்பினும் அவனை நகைப்பார் இலர். சிறிய கல்லூரியொன்றில் ஒரு துறைக்குத் தக்க ஆசிரியர் இல்லாவிடினும், அத்துறை வல்லாரின் பாடம் அங்குள்ள மாணவனையும் எட்டும்.

ஏனைய முக்காற்பங்கின் கதை வேறு. அமெரிக்காவிலே சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்தார் 2013-ஆம் ஆண்டின் முற்பகுதியில் யுடாசிட்டி என்னும் நிறுவனத்தாரோடு சேர்ந்து மூன்று கணிதப் பாடங்களை இணையவழி நடத்தினர். எப்பாடத்திலும் தேறினோர் நூற்றுக்கு 51 பேருக்கு மேற்படவில்லை. அடிப்படைக் கணிதத்திலோ 29 பேரே தேறினர். பின்னர்க் கோடையில் நடத்தியபோது தேர்ச்சி உயர்ந்தது. ஆயின் அப்போது சேர்ந்தவருட் பலர் முன்னரே பட்டம் பெற்றவர். தானே கற்கும் பழக்கம் வாய்த்தவர்க்கு நல்ல கருவியாக இருந்த அதுவே, அப்பழக்கம் இனித்தான் வரவேண்டியவர்க்குப் பயன்படவில்லை. நம் வகுப்புகளில் முதலாண்டிற் சேர்வோருட் பெரும்பாலார் எவ்வகையினர் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

செய்முறைப் பயிற்சியையும் எண்ணிப் பாருங்கள். பியூரெட்டிலிருந்து ஒரு துளி மிகுந்தவுடன் கரைசல் இளஞ்சிவப்பாக மாறுவதைத் திரையிற் காணலாம். அத்துளியை நிறுத்தும் கைப்பக்குவத்தைத் திரை தாராது. (2020, 2021-ஆம் ஆண்டுகளில், வீட்டுக்கு ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு மாணாக்கர் பட்ட பாட்டைச் சிலர் இம்முறைக்கு எதிராகக் காட்டுவர். அது பெருநோய்க் காலத்து அவசர ஏற்பாடு. அதனைக்கொண்டு இதனை அளப்பது முறையன்று.)

நிற்க. வகுப்பறையின் பக்கம் நின்று வாதாட எழுவோர் தம் வகுப்பையும் ஒருமுறை நோக்குதல் நன்று. மணி அடித்தது முதல் மறுமணி அடிக்கும் வரை குறிப்புகளைச் சொல்லி எழுதவைப்பதே பாடமெனின், அங்கே உடன்பயில்வார் பக்கத்தில் அமர்ந்திருந்தும் ஒருவரோடொருவர் பயில்வதில்லை. எடுத்துரைக்கும் வாய்ப்பும் எவர்க்கும் இல்லை. அத்தகைய வகுப்பினும் திரையே மேல். திரை பேசுவதையேனும் திரும்பக் கேட்கலாம்.

என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாரந்தோறும் விடுக்கும் பயிற்சிகட்கு 25 மதிப்பெண். மேற்பார்வையுடன் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. அப்பயிற்சிகளின் விடைகள் கைப்பேசிக் குழுக்களில் எத்துணை விரைவாக உலவுகின்றன என்பதை மாணவ நண்பர்கட்கு நாம் அறிவிக்க வேண்டா. விடையைப் பங்கிட்டுக் கொள்வதை உடன்பயிலுதல் என்று பவணந்தியார் கருதியிரார்.

ஆதலின் நம் கல்லூரியில் ஸ்வயம் பாடமொன்றை மாணவர் மேற்கொள்ளும்போது, அவர்களை அவரவர் அறையிற் கைப்பேசியோடு விட்டுவிடாது, வாரத்தில் இரண்டு மணி நேரம் ஓரிடத்திற் கூட்டுதல் வேண்டும். அவ்வாரத்துப் பாடத்தை மாணவர் முறைவைத்துத் தம் சொற்களில், தமிழிலோ ஆங்கிலத்திலோ, கரும்பலகையருகே நின்று விளக்கட்டும், ஏனையோர் வினவட்டும், அத்துறை ஆசிரியர் ஒருவர் உடனிருந்து திருத்தட்டும். அவ்விரண்டு மணி நேரமும் அவ்வாசிரியரின் போதனை நேரமாகவே கால அட்டவணையிற் கணக்கிடப்படல் வேண்டும். திரை வந்துவிட்டமையால் அத்துறைக்கு ஓர் ஆசிரியர் குறையலாம் என்னும் எண்ணம் நிருவாகத்தார்க்கு எழாமல் இருப்பதற்கும் அக்கணக்கே சான்றாக நிற்கும்.