இயந்திரக் கண்ணும் மனிதக் கரமும்

நீரிழிவு நோய் ஓசையின்றிக் கண்ணைக் கெடுக்கும். விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைந்தாலும் தொடக்கத்தில் வலி இராது, பார்வையும் மங்காது. மங்கிய பின்னர் இழந்ததை மீட்பது அரிது.

இங்கேதான் செயற்கை நுண்ணறிவு துணைக்கு வருகிறது. 2016-ஆம் ஆண்டு வெளியான கூகுள் நிறுவனத்தின் ஆய்வில், 1,28,000-க்கும் அதிகமான விழித்திரைப் படங்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி அளித்தனர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அவற்றுள் அடங்கும். 54 பேர் கொண்ட மருத்துவர் குழு குறித்துத் தந்ததையே கணினி கற்றது. ஆகவே, அதன் அறிவு மருத்துவர்கள் தந்த கொடையே!

சிற்றூர்தோறும் கண் மருத்துவரை அமர்த்த இயலாது. படமெடுக்கும் கருவியை வைக்கலாம். ஆனால், கணினி நோயைச் சொன்னால் மட்டும் கண் பிழைக்குமா? "களையெடுப்பு முடியட்டும்" என்று தள்ளிப்போடும் கடத்தூர்ப் பாட்டியைத் தருமபுரிக்கு அழைத்துச் செல்லப் பேருந்துக் கட்டணம் வேண்டும். துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். கருவிக்குப் பணம் ஒதுக்குவோர் இச்செலவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

நல்ல சமாரியர் அடிபட்டவரைக் கண்டதோடு நின்றாரா? சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் பணம் கொடுத்தாரன்றோ! தோழியரே, இயந்திரம் காணட்டும். கைப்பிடித்து அழைத்துச் செல்வது நம் கடமை.