ஜிஆர்இ சொற்பட்டியலும் உரியியல் காட்டும் வழியும்

புணே நகரின் கிழக்கே, சோலாப்பூர் சாலையை ஒட்டி அமைந்த ஹடப்சர் முன்பு வயல்கள் சூழ்ந்த ஊர். இன்று மகர்பட்டா, அமனோரா எனத் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் அடுக்ககங்களும் எழுந்து நிற்கும் பகுதி. அங்குப் பணிபுரியும் தமிழ் இளைஞர்களுள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பை நாடுவோர் உண்டு. பணி முடிந்த இரவுகளிலும் பேருந்துப் பயணங்களிலும் அவர்கள் கைப்பேசியில் புரட்டுபவை ஆங்கிலச் சொல்லட்டைகள். அட்டையின் ஒரு பக்கத்தில் ஓர் அரிய சொல். மறுபக்கத்தில் அதற்கு ஈடாக ஓர் எளிய சொல். தமிழகக் கல்லூரி விடுதிகளிலும் இதே காட்சிதான். இந்தப் பயிற்சிமுறை இன்றைய தேர்வுக்கே போதாது. தேர்வுக்குப் பின் வரும் ஆய்வு வாழ்வுக்கோ சிறிதும் போதாது.

முறையின் வேர் பழைய தேர்வில் இருக்கிறது. 2011 ஆகஸ்டுக்கு முன் ஜிஆர்இ தேர்வின் மொழிப்பகுதியில் எதிர்ச்சொல் காணும் வினாக்களும் சொல்லிணை ஒப்புமை வினாக்களும் இருந்தன. சொல் தனித்து வரும். அதன் பொருளை அறிந்தவர் விடையளிப்பார். பேரன்ஸ் வெளியிட்ட 3500 சொற்களின் பட்டியல் புகழ்பெற்றது அந்தக் காலத்தில்தான். 2011 மாற்றத்தில் அவ்விரு வினாவகைகளும் நீக்கப்பட்டன. இப்போது சொல் எப்போதும் ஒரு வாக்கியத்துக்குள்தான் வருகிறது. 2023 செப்டம்பரில் தேர்வு சுருக்கப்பட்ட பிறகு மொழிப்பகுதியில் 27 வினாக்கள், 41 நிமிடங்கள். ஏறத்தாழப் பாதி வினாக்கள் பத்தியைப் படித்துணர்வதைச் சோதிக்கின்றன. எஞ்சியவை வாக்கியத்தின் போக்கை உணர்ந்து இடைவெளி நிரப்புபவை. தேர்வு மாறி ஆண்டுகள் பல ஆகியும் பட்டியல் மனப்பாடம் மட்டும் மாறவில்லை.

பட்டியல் கைவிடும் இடம் பெரும்பாலும் அரிய சொல்லாக இருப்பதில்லை. தெரிந்ததென்று நம்பிய சொல்லாகவே இருக்கிறது. வங்கிக் கடன் 'சாங்ஷன்' ஆனது என்று மகிழும் நம் ஊரில் அச்சொல் அனுமதியைக் குறிக்கிறது. ஒரு நாட்டின்மீது பிற நாடுகள் விதிக்கும் 'சாங்ஷன்' பொருளாதாரத் தடையாகிறது. 'டெம்பர்' என்றால் சினம் என்றே அறிந்தவருக்கு, அது வினையாக வரும்போது தணித்தல் என்னும் பொருள் தருவது வியப்பளிக்கும். 'குவாலிஃபை' தகுதி பெறுதலை மட்டும் குறிப்பதன்று. ஒரு கூற்றுக்கு வரம்பு விதித்து அதன் வீச்சைக் குறைப்பதும் அதுவே. ஆய்வுரைகளில் இப்பொருளே மிகுதி. நம் மணமகள் தேவை விளம்பரங்களில் பாராட்டாக வரும் 'ஹோம்லி' அமெரிக்க வழக்கில் அழகற்றவர் என்னும் பொருள்படும். இவற்றை எந்த அட்டையின் மறுபக்கமும் ஒரே சொல்லில் தீர்த்துவைக்க முடியாது.

இச்சிக்கலைத் தமிழ் இலக்கண மரபு நெடுங்காலத்துக்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியல் ஒருவகையில் அருஞ்சொல் விளக்கமே. யாவரும் அறிந்த சொற்களுக்கு விளக்கம் வேண்டா, வழக்கில் வெளிப்படாத சொற்களுக்கே வேண்டும் என்று அது வரையறுத்துக்கொள்கிறது. ஒரு சொல் பல பொருள் குறிப்பதையும் பல சொல் ஒரு பொருள் குறிப்பதையும் ஏற்கிறது. அதைவிட முதன்மையானது, ஒரு சொல்லின் முன்னும் பின்னும் வருபவற்றை நாடிப் பொருள் கொள்ள வேண்டும் என்று அது கூறுவது. ஜிஆர்இ இடைவெளி நிரப்பும் வினா கேட்பதும் இதையன்றி வேறில்லை.

ஹடப்சரில் வாழும் தமிழர் இதை நாள்தோறும் பயில்கிறார். இந்தியில் கல்வியைக் குறிக்கும் 'சிக்ஷா' மராத்தியில் தண்டனையைக் குறிக்கிறது. இந்தியில் முயற்சியாகும் 'சேஷ்டா' மராத்தியில் கேலியாகிறது. தமிழில் சேட்டையாகிக் குறும்பைச் சுட்டுகிறது. காய்கறிக் கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் யாரும் சொல்லட்டை தருவதில்லை. பேசுபவரின் முகமும் சூழலும் முன்பின் சொற்களுமே பொருளைத் தருகின்றன. மராத்தியை இவ்வாறு கற்றுக்கொள்பவர், ஆங்கிலம் என்றதும் சூழலைக் களைந்துவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வது விந்தை.

அதே புணேயின் எரவாடாப் பகுதியில் உள்ள டெக்கான் கல்லூரியில் 1948இல் சமஸ்கிருத வரலாற்றுப் பேரகராதித் திட்டம் தொடங்கியது. அதன் முதல் தொகுதி வெளிவரவே 1976 ஆயிற்று. ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த நூலில் எப்பொருளில் ஆளப்பட்டது என்பதை மேற்கோள்களோடு கால வரிசையில் காட்டுவது அதன் முறை. சொல்லின் பொருளை அறிய அது வழங்கிய வாக்கியங்களைத் திரட்ட வேண்டும் என்பதே அந்த நெடிய உழைப்பின் அடிப்படை.

நிகண்டை மனப்பாடம் செய்த மரபு நம்முடையதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டை மாணவர் மனத்தில் இருத்தியது உண்மை. ஆனால் அந்தக் கல்வி நிகண்டோடு முடியவில்லை. நிகண்டின் சொற்கள் அடுத்துக் கற்கவிருந்த இலக்கியங்களுக்குத் திறவுகோல்களாக இருந்தன. இன்றைய பட்டியல் திறவுகோல்களைத் தந்துவிட்டு, திறக்க வேண்டிய கதவைக் காட்டாமல் விடுகிறது.

மனப்பாடத்தின் எல்லையை நினைவாற்றல் ஆய்வும் காட்டுகிறது. 1885இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஹெர்மன் எபிங்ஹவுஸ் மறதியின் வேகத்தை அளந்தபோது பொருளற்ற அசைகளையே வேண்டுமென்று தேர்ந்தார். பொருள் இருந்தால் அது நினைவுக்குத் துணைசெய்யும் என்பதை அறிந்திருந்தார். வாக்கியத்திலிருந்து பிடுங்கப்பட்ட சொல் படிப்பவருக்கு அத்தகைய அசைக்கு அருகில் வந்துவிடுகிறது. இடைவெளி விட்டு மீளப் படிப்பது நல்ல முறை. மீளப் படிக்கும் பொருள்தான் மாற வேண்டும். அட்டையில் ஒரு முழு வாக்கியம் இருக்கட்டும். சொல்லின் இடம் வெற்றிடமாக இருக்கட்டும். அவ்வாக்கியம் மாணவர் தம் துறைக் கட்டுரையிலோ நல்ல இதழிலோ தாமே படித்ததாக இருக்கட்டும். நாளுக்குப் பத்துச் சொற்கள் இவ்வாறு சேர்ந்தாலே பெரிது. இரண்டு மாதமே எஞ்சியிருப்பவருக்குப் பட்டியல் தன் அறிவைச் சரிபார்க்கும் கருவியாக உதவும். கற்கும் வழியாக உதவாது.

எவ்வளவு படிக்க வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. பிறர் துணையின்றி ஆங்கில நூல்களைப் படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் தேவை என்று பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்களே உள்ளன. ஆய்வு நூல்களில் வரும் சொற்களில் பத்தில் ஒரு பங்கு அவற்றுள் அடங்குகிறது. அலங்காரமான அரிய சொற்களுக்கு முன் இவ்விடைநிலைச் சொற்களில் உறுதி பெறுவதே அறிவுடைமை.

இதில் பணயமாக இருப்பது மதிப்பெண் மட்டுமன்று. ஆங்கில நூல்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர் வாசிப்பால் பெற்றதை, தமிழ்வழியில் படித்தவர் சில மாத மனப்பாடத்தால் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. அவர் சேர்க்கை பெற்ற பின்னும் முதல் பருவத்தின் வாசிப்புச் சுமையில் திணறுவாரானால், குறை அவருடையதன்று. அவருக்கு வாசிப்பைத் தராமல் பட்டியலைத் தந்த கல்விமுறையுடையது. பயிற்சி நிலையங்கள் தேர்வுக்கு மட்டுமே பொறுப்பேற்கும். வாசிப்புக்குப் பொறுப்பேற்க வேண்டியவை கல்லூரித் துறைகள். வாரம் ஒரு மணி நேரம் ஓர் ஆங்கில ஆய்வுக் கட்டுரையை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாக்கியம் வாக்கியமாகப் படித்துத் தமிழில் விவாதிப்பதற்குத் தனி நிதியோ ஆணையோ தேவையில்லை. முதலாண்டிலேயே அதைத் தொடங்கும் துறையின் மாணவர், இறுதியாண்டில் சொற்பட்டியலைக் கண்டு அஞ்ச மாட்டார்.